ராயப்பன் தூங்காத கதை

(திண்டிவனம் பஸ் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில், 1961இல், "தூக்கமும் விஞ்ஞானமும்" என்னும் தலைப்பில் தமிழாசிரியர் பாண்டுரங்கன் ஆற்றிய உரை)

பந்தலும் கொடுத்து, பந்தலுக்குள் மைக்கும் கொடுத்து, மைக்குக்கு முன்னால் என்னையும் நிறுத்திவிட்டு, மாலை போட்ட மார்போடு மன்னர்போல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், பஸ் முதலாளி, பெருமதிப்பிற்குரிய தாண்டவராயனார் அவர்களே! சங்கத்துக்குச் செயலாளராகவும், சொந்த வீட்டுக்கு விருந்தாளியாகவும் விளங்கும் தம்பி பச்சைமுத்து அவர்களே! சென்னையிலிருந்து வந்து, இத்தனை பேர் பேசியும் ஒரு கொட்டாவிகூட விடாமல் அமர்ந்திருக்கும் ஆராய்ச்சி டாக்டர் காந்திமதி அம்மையார் அவர்களே! முன்வரிசையிலே முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலே தூங்கவிட்டுத் தாங்கள் மட்டும் விழித்திருக்கும் தாய்மார்களே! பின்னால் கட்டைச்சுவரிலே உட்கார்ந்துகொண்டு, எப்போது முடிப்பாய் என்று கண்ணாலேயே கேட்கும் காளையர்களே! உங்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

தூக்கத்தைப் பற்றிப் பேச இந்தப் பாண்டுரங்கன் யார்? மருத்துவம் படித்தவனா? மாத்திரை கொடுத்தவனா? பச்சைமுத்துவிடமே கேட்டேன். "சார், உங்க கிளாசுல பாதிப் பேரு தூங்கிக்கினுதான இருந்தோம். எங்க அத்தினி பேரையும் தூங்க வச்சவரு நீங்க. உங்கள உட்டா வேற யாருங்க பேசறது?" என்றார். என் இலக்கண வகுப்பிலே தூங்கியவர் இன்று ஒரு சங்கத்தையே நடத்துகிறார். என் வகுப்பிலே விழித்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

தூங்குகிறவனை நாம் என்னென்ன சொல்லித் திட்டுகிறோம்! தூங்குமூஞ்சி என்கிறோம். சோம்பேறி என்கிறோம். எழுப்பி, முகத்திலே தண்ணீர் தெளித்து, வெட்கப்பட வைக்கிறோம். ஆனால் டாக்டர் அம்மையார் சொல்கிறார்: தூக்கம் சோம்பலல்ல, அது ஒரு வேலை. தூங்குகிறவன் தலையிலே கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைத் தாளிலே கோடு கோடாக இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு கிடக்கிறது, மூளை உழைக்கிறது. கனவு வரும் வேளையிலே மூடிய இமைக்குள் விழிகள் அங்கும் இங்கும் ஓடுகின்றனவாம். வெறுமனே படுத்திருந்தால் அது தூக்கம் ஆகிவிடாது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலே, கொசுக்கடியிலே, ஆரன் சத்தத்திலே துண்டு துண்டாகக் கண்ணயர்ந்தால், கிழிந்த பாயை உதறி உதறிப் போட்டதுபோலத்தான். விரித்ததாகப் பேர், படுத்ததாக இல்லை.

என்னப்பா அங்கே சிரிப்பு? "அப்ப எங்க முதலாளிகிட்ட சொல்லுங்க வாத்தியாரே" என்கிறாயா? அதற்குத்தானே தம்பி வந்திருக்கிறேன்!

விழுப்புரம் வண்டி ஓட்டிய ராயப்பனை உங்களுக்குத் தெரியும். அதோ, பந்தல் காலுக்குப் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் கல்யாண சீசன். பகல் டிரிப்பு முடித்து வந்தவரைக் கல்யாண வண்டிக்கு அனுப்பினார்கள். கல்யாண வண்டியை விட்டு இறங்கியவரை விடியற்கால வண்டியிலே ஏற்றினார்கள். மயிலம் கூட்டுரோடு தாண்டியதும் சாலை வளைந்தது. ராயப்பன் வளையவில்லை. வண்டி யாரையும் தொந்தரவு செய்யாமல் மல்லாட்டைக் கொல்லையிலே இறங்கி, பிடுங்கிக் குவித்திருந்த வேர்க்கடலைச் செடிப் போரின்மேல் மெத்தென்று சாய்ந்து நின்றது. நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் நடராசன் திடுக்கிட்டு விழித்து, விசிலை ஊதி, "விக்கிரவாண்டியெல்லாம் எறங்கு! ஜல்தி, ஜல்தி!" என்றார். விக்கிரவாண்டிக்குச் சீட்டு வாங்கியிருந்த பாஞ்சாலி அம்மாள் கூடையோடு இறங்கிப் பத்தடி நடந்தபிறகுதான் ரோட்டையே காணோம் என்று கண்டுபிடித்தார்.

ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அடி விழுந்தது ராயப்பன் ஒருவருக்குத்தான். கண் சிவந்திருந்தது, கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. ஓடிவந்து பார்த்த முதலாளி ஒரே வார்த்தை சொன்னார்: "குடிச்சிருக்கான்." மதுவிலக்கு நடக்கும் நாட்டிலே அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. தலைவர் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். பந்தல் அவருடையது, தொண்டை என்னுடையது.

குடியா, தூக்கமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பச்சைமுத்து இந்த அம்மையாரை அழைத்துவந்தார். அம்மையாரும் ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டியிலே ஒரு சிவப்பு பல்பு, ஒரு பொத்தான். பல்பு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், தூக்கம் கெட்டவனுக்குக் கை பிந்தும், அவ்வளவுதான். நம் டிரைவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்! டாக்டர் வருகிறார், டெஸ்ட் எடுக்கிறார் என்றதும் முதலாளி ஒருநாள் லீவு கொடுத்தார். இவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டார்கள். குப்புறப் படுத்துக் குறட்டை விட்டார்கள். மறுநாள் காலை, மடிப்புக் கலையாத காக்கியிலே, பெண் பார்க்கப் போகிறவர்கள்போல் வரிசையிலே வந்து நின்றார்கள். தூக்கம் கெட்டவனைச் சோதிக்க வந்த டாக்டருக்கு முன்னால் தூங்கி எழுந்து வந்து நின்ற ஒரே ஊர் நம்முடைய ஊர்தான்!

பல்பு எரிவதற்கும் பொத்தான் அமுங்குவதற்கும் இடைவெளியே இல்லை. எல்லோரும் முதல் வகுப்பு. சக்கரபாணி முதலிலும் முதல். முதலாளி முகத்திலே அன்றைக்குத் தீபாவளி. "பாத்தீங்களா டாக்டரம்மா, நம்ம டிரைவருங்களுக்குத் தூக்கம்னு ஒண்ணு தேவையே இல்ல. அப்ப அந்த ராயப்பன் குடிச்சிட்டுத்தான ஓட்டியிருக்கான்?" என்றார். நம் ஆட்களுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தாங்கள் ஜெயித்ததாலே ராயப்பன் தோற்றுப்போனார் என்று புரிந்து விழித்தார்கள். பாவம், நன்றாகத் தூங்கியிருந்ததால் விழிக்கவும் முடிந்தது.

இனி நான் சொல்லப்போவது தலைவர் அவர்களுக்கே புதுச் செய்தி. அம்மையார் சென்னைக்குத் திரும்பிப் போகவில்லை. முந்தாநாள் காலை, யாருக்கும் சொல்லாமல், அதே பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அப்போதுதான் ராத்திரி வண்டியை விட்டு இறங்கிய சக்கரபாணியை, அடுத்த வண்டி ஏறுவதற்கு முன்னால் பெட்டிக்கு எதிரே உட்கார வைத்தார். நானும் பக்கத்திலே இருந்தேன். சக்கரபாணி நெற்றி நிறைய விபூதியோடு, கண்ணை அகலத் திறந்து, பல்பையே பார்த்தார். பல்பு எரிந்தது. அணைந்தது. மறுபடியும் எரிந்தது, அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சக்கரபாணி மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏம்மா, லைட்டு எப்பம்மா போடுவீங்க?"

சிரிக்காதீர்கள்! சிரித்தது போதும்! அந்தக் கண் திறந்துதான் இருந்தது. தூங்கவேயில்லை என்று அவர் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை. தூக்கம் கெட்டவனுடைய மூளை, கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுமாம். போனது அவனுக்கே தெரியாதாம். கால் தள்ளாடும், நாக்குக் குழறும், கோபம் வரும், கண் சிவக்கும். பார்க்கிறவன் குடி என்பான். சக்கரபாணி குடித்தது பஸ் ஸ்டாண்டு பானைத் தண்ணீர்தான், நான்தான் மொண்டு கொடுத்தேன். ஆனால் அவர் பார்க்கத் தவறிய அந்தச் சில நொடியிலே ஒரு பஸ் எவ்வளவு தூரம் ஓடும்? அந்தத் தூரத்திலே எத்தனை வளைவு? எத்தனை குழந்தை? எல்லா வளைவிலும் மல்லாட்டைப் போர் போட்டு வைப்பார்களா?

இரும்பை ஊர்க் கோயிலிலே மாகாளேஸ்வரர் இருக்கிறார். அகில உலகத்தையும் ஓட்டுகிறவர். அவருக்கு ராத்திரியிலே நடை சாத்துகிறோமா இல்லையா? திறந்து வை, இன்னொரு டிரிப்பு அருள் பாலிக்கட்டும் என்று எவனாவது சொல்கிறானா? சாமிக்கு இருக்கிற சலுகை சக்கரபாணிக்கு இல்லையா? ஈசனுக்கு இருக்கிற ஓய்வு ராயப்பனுக்கு ஆகாதா?

ஆனாலும் ஒரு லாபம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். வேலை போனதிலிருந்து இந்தக் கம்பெனியிலேயே நன்றாகத் தூங்குகிறவர் ராயப்பன் ஒருவராகத்தான் இருப்பார். என்ன லூர்துமேரி அம்மா, நான் சொல்வது சரிதானே? உன் வீட்டுக்காரர் நன்றாகத் தூங்குகிறார் இல்லையா? வாய்க்குள்ளேயே சொன்னால் எப்படி? எழுந்து சத்தமாகச் சொல்லம்மா.

(பெண்கள் பகுதியிலிருந்து ராயப்பனின் மனைவி லூர்துமேரி: "எங்கங்க தூங்கறாரு? கோயிலுக்குப் போனா குடிகாரன் பொண்டாட்டின்னு ஒதுங்கிக் குந்துறாங்க. கொழாயாண்ட போனா அதே பேச்சு. அந்தப் பேரு வந்ததிலேந்து மனுசன் கண்ண மூடலிங்க. செவுத்தப் பாத்துக்கினே குந்திக்கினு இருக்காரு.")

நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன், அம்மா. மன்னித்துக்கொள்.

தலைவர் அவர்களே! கெட்டுப்போன தூக்கத்தைச் சோதிக்கப் பெட்டி இருக்கிறது. கெட்டுப்போன பேரைத் திருப்பித் தர எந்தப் பெட்டியும் இல்லை. உங்கள் வாயிலிருந்து போன வார்த்தை, உங்கள் வாயாலேயே திரும்பி வர வேண்டும். உங்கள் பணத்தைக் கேட்கவில்லை, உங்கள் பஸ்ஸைக் கேட்கவில்லை. இந்த மைக்கிலே ஒரு வார்த்தை கேட்கிறேன். இதோ, விலகி நிற்கிறேன்.

(தலைவர் எழுந்து, மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கருகே வந்தார்: "ராயப்பா... மூணு வண்டி சேத்துப் போட்டவன் நான்தாம்பா. நீ குடிக்கல. எல்லாரும் கேட்டுக்குங்க, ராயப்பன் குடிக்கல. இனிமே ராத்திரி வண்டி ஓட்டினவனுக்குக் காலை வண்டி கெடையாது. நாளைக்கு வந்து வண்டிய எடு." உட்காரப் போனவர் திரும்பி வந்தார்: "நாளைக்கு வேணாம். நாளைக்குப் பூரா தூங்கு. நாளன்னிக்கி வந்தா போதும்.")

வாழ்க தலைவர்! வாய் நிறையச் சொல்கிறேன், வாழ்க! பச்சைமுத்து, அழாதே, செயலாளர் அழக்கூடாது.

இன்னும் பேசுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். பேசப்போவதில்லை. பந்தல் கொடுத்தவருக்கும், பெட்டி கொண்டுவந்த அம்மையாருக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி. எழுந்திருக்கிறவர்கள் சத்தம் போடாமல் எழுந்திருங்கள். மைக்செட்காரரே, பாட்டுப் போடாதீர்கள், மெதுவாக நிறுத்துங்கள். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். அங்கே பாருங்கள், பந்தல் காலிலே சாய்ந்தபடியே ராயப்பன் தூங்கிவிட்டார்.

வணக்கம்.