கார்டு இல்லைன்னு எழுதுன பெட்டி

இல்லண்ணா, கத்தாதீங்க. நீங்க கத்துனா எனக்கும் கத்த வரும். ரெண்டு பேரும் கத்திக்கிட்டே இருந்தா நாளைக்கு உங்க விசாரணையில காட்ட ஒண்ணும் இருக்காது. கார்டை நீங்க கழட்டலன்னு நம்புறேனான்னா? நம்புறதுக்கு என்ன இருக்கு, எனக்குத் தெரியும். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல சால்டரிங் அயர்ன் கிடக்கு, சுட்டுடும். இதுல.

சரி, பெட்டி கார்டு இல்லைன்னு எழுதியிருக்கு. கிரேன் தூக்குற எடையைப் பதிவு பண்ற அந்தப் பெட்டி நாங்க செஞ்சதுதான், எழுதுனதும் நிஜம். உங்க யார்டு மேனேஜர் அந்த ஒரு வரியை பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு ஆடுறார். கிரேன்ல அளவுக்கு மேல எடை தூக்குனான், பதிவாயிடுமேன்னு மெமரி கார்டை உருவிட்டான், கன்டெய்னர் ஆடிப் போய்த் தூண்ல இடிச்சதும் சத்தமில்லாம சொருகிட்டான்ங்குறார். பெட்டி உங்க சீட்டுக்குப் பின்னாடியே இருக்கா, எல்லாரும் நம்புறாங்க.

மூணு நாளா அவருக்கு போன் பண்றேண்ணா. ஒரே ஒரு தடவை எடுத்தார். நீ இன்ஜினீயரா, எந்த காலேஜ்னார். காலேஜ் இல்ல சார், பதினொண்ணாவதோட நின்னுட்டேன்னேன். வச்சிட்டார். நான் என்ன படிச்சேன்னு கேட்டு அந்த கார்டு வேலை செய்யுதா என்ன?

நீங்களும் அப்படிப் பார்க்காதீங்க. ஆமா, பதினெட்டுதான். கேளுங்க.

பெட்டிக்குள்ள கார்டைப் பார்த்துக்க ஒரு சின்ன புரோகிராம் ஓடுது. அதுக்குப் பேரு டிரைவர். அந்தப் பேரை நான் வைக்கல. முதல்ல அதுவும் கார்டும் மூணு புள்ளி மூணு வோல்ட்டுல பேசிக்கும். வேகமா எழுதணுமா, ஒண்ணு புள்ளி எட்டுக்கு இறங்கலாமான்னு டிரைவர் கேக்கும். கார்டு சரின்னதும் ரெண்டும் சேர்ந்து இறங்கும். இறங்குன கார்டு திரும்ப ஏறாது. கெஞ்சுனாலும் ஏறாது. அதுக்குப் போற கரண்டைச் சுத்தமா நிறுத்தி, மறுபடி கொடுத்தாதான் பழையபடி மூணு புள்ளி மூணுல ஆரம்பிக்கும். சும்மா தலையாட்டாதீங்கண்ணா, புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க.

அவ்வளவுதான், கரண்டை நிறுத்துனா தானா சரியாயிடும். எப்ப ஆகாதுன்னு சொல்றேன். நீங்க கனமா தூக்கும்போது கேபின் லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டுமா? பார்த்தீங்களா! மோட்டார் மொத்தக் கரண்டையும் இழுத்துக்குது. அந்த ஒரு சிமிட்டுல பெட்டி செத்துப் பிழைக்குது. கார்டு சாகல. பக்கத்துல இருக்குற கெப்பாசிட்டர்ல மிச்சம் கிடக்குற கரண்டே அதுக்குப் போதும். பெட்டி எல்லாத்தையும் மறந்துட்டு மூணு புள்ளி மூணுல யாருடா அங்கன்னு கேக்குது. கார்டு ஒண்ணு புள்ளி எட்டுலயே உக்காந்திருக்கு. காதுல ஏறல. பதில் வரலன்னா பதில் வரலன்னு எழுதணுமா இல்லையா? இது கார்டே இல்லைன்னு எழுதுது.

அதுவும் கனமான எடை தூக்கும்போது மட்டும்தான் இப்படி. அதனாலதான் பார்க்குறவனுக்கு நீங்க திருடன் மாதிரி தெரியுறீங்க. எனக்கு எரியுது.

எடை அளவுக்குள்ளதான் இருந்துச்சா? இருக்கலாம். அது பதிவாகலையே, நான் எப்படிச் சொல்ல? உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேண்ணா, கோவிச்சுக்காதீங்க. கார்டை யாரும் தொடலன்னு சொல்லுவேன். அதை யார் முன்னாடி வேணா சொல்லுவேன்.

இங்க பாருங்க. இது அதே பெட்டி, அதே மாதிரி கார்டு. ஸ்விட்சை அணைச்சுட்டு நாலு வரைக்கும் எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. போட்டாச்சு, திரையைப் பாருங்க. படிங்க. கார்டு இருக்குங்குதா? இப்ப டக்குன்னு அணைச்சு டக்குன்னு போடுறேன். படிங்க. சத்தமா படிங்கண்ணா. கார்டு எங்க இருக்கு? உங்க கண்ணு முன்னாடிதானே இருக்கு! நான் தொட்டேனா? நீங்க தொட்டீங்களா? நீங்களே ஒரு தடவை பண்ணுங்க. பயப்படாதீங்க, ஷாக் அடிக்காது.

ம். அதேதான்.

அண்ணா. அண்ணா, அழாதீங்க. அழுறவங்களை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. போனை எடுங்க, இதை வீடியோ எடுத்து அண்ணிக்கு அனுப்புங்க. அண்ணி நம்புறாங்களா? பையன்? அவனே கேட்டானா, கழட்டுனியாப்பான்னு? எத்தனை வயசு? அப்ப அவனுக்கே முதல்ல அனுப்புங்க.

பெட்டியைக் கொடுக்குறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்கலையான்னா, பார்த்தோம். இருபது தடவை பிளக்கைப் பிடுங்கி இருபது தடவை மாட்டுனோம். ஒவ்வொரு தடவையும் நடுவுல டீ குடிக்கப் போயிட்டோம். டீ குடிச்சு வர்றதுக்குள்ள எந்தக் கெப்பாசிட்டர்ல கரண்டு மிச்சம் இருக்கும்?

யார் தப்புன்னு நாளைக்குக் கேப்பாங்க. கேக்கட்டும். லெட்டரா எழுதிட்டேன், இந்தாங்க. நானும் வர்றேன், பெட்டியையும் தூக்கிட்டு வர்றேன். உங்க மேனேஜர் வெளிய போடான்னா வாசல்ல நின்னு ஸ்விட்சை அணைச்சு அணைச்சுப் போட்டுக் காட்டுறேன். படிங்க. கீழ வரைக்கும் படிங்க.

ஆமா. கையெழுத்து என்னுதுதான். அந்த டிரைவரை எழுதுனது நான்தாண்ணா.

எங்க சீனியர் அக்கா பிரசவ லீவுல போற அன்னிக்கு என் பக்கத்துல வந்து நின்னு, திரையில விரலை வச்சுக் காட்டுனாங்க. பெட்டி எழுந்ததும் முதல்ல கார்டோட கரண்டை நிறுத்து, அரை செகண்டு சும்மா இரு, அப்புறம் கொடு, அப்புறம் பேசு. மிச்சக் கரண்டு வடியணும்டா, அவசரப்படாதேன்னாங்க. சரிக்கான்னேன். நிறுத்துற வரியை எழுதுனேன். கொடுக்குற வரியை எழுதுனேன். நடுவுல அரை செகண்டு சும்மா இருக்கச் சொன்னாங்களே, அதை எழுதல.