பங்கு மண்டபத்தில் நாலு லத்தீன் வரி

தேத்தண்ணி நல்லாயிருக்கு, சீனிதான் காணாது. தம்பி, நீர் மொழிபெயர்க்க வந்தனீர். நான் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் பொலிஸ்காரருக்குப் பிரெஞ்சிலை சொல்லும். உம்மடை பிரெஞ்சு சின்னப் பிள்ளையளின்ரை பிரெஞ்சு, பரவாயில்லை.

நான் யாழ்ப்பாணத்திலை சாமியாராகிறதுக்குக் குருமடத்திலை மூண்டு வருசம் படிச்சனான். நாங்கள் இருக்கிற இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலை என்னை அன்டன் எண்டு ஆரும் கூப்பிடாயினம், லத்தீன் மாஸ்டர்தான். செத்தவீடுகளிலை நான் லத்தீனிலை செபம் சொல்ல, சனம் எழும்பி நிண்டு அழும். முப்பது வருசமா ஒருத்தரும் அதுக்குக் கருத்து என்னெண்டு கேட்டதில்லை. மரியாதை தெரிஞ்ச சனம்.

றெஜினாவுக்கு அது தெரியேல்லை. இங்கை பிறந்து பல்கலைக்கழகத்திலை படிப்பிக்கிற பிள்ளை. ரோமாபுரியிலை இருந்து நாடுகடத்தின பழைய கவிஞன் ஒருத்தன்ரை புலம்பல்தான் இண்டைக்கு அகதியா வந்து பிரெஞ்சிலை எழுதுறவையின்ரை எழுத்திலையும் கசியுதாம். அதுக்கு ஒரு தடிச்ச புத்தகம். நாட்டைவிட்டு ஓடிவந்தது அவளின்ரை தேப்பன், ஹீற்றர் போட்ட நூலகத்திலை இருந்து ஏக்கத்தை ஆராயிறது மகள். நல்ல பகிடி.

புத்தக வெளியீடு எங்கடை கோயில் பங்கு மண்டபத்திலை. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தக் கவிஞன்ரை நாலு வரியைத் தந்து, "மாஸ்டர், வாசிச்சுத் தமிழிலை சொல்லுங்கோ" எண்டாள். வடிவா வாசிச்சன். பேந்து சும்மா நிண்டன். செபம் எனக்கு மனப்பாடம், மற்றபடி லத்தீனிலை ஒரு சொல்லும் விளங்காது. அவள் கிட்ட வந்து, "மாஸ்டருக்குத் தொண்டை கட்டிப்போச்சு" எண்டு சொல்லி, தானே கருத்தைச் சொன்னாள். சனம் கைதட்டிச்சு.

என்னைக் காப்பாத்தினாளாம். அந்த இரக்கத்தைத்தான் என்னாலை விழுங்கேலாமல் போச்சு. பிறகு ரெண்டு செத்தவீடு நடந்தது, எனக்கு ஒருத்தரும் ரெலிபோன் எடுக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்குப் புத்தகம் கொண்டு வாறன் எண்டாள். முதல் பக்கத்திலை எனக்கு நன்றி போட்டிருக்கிறாளாம். நான் இருக்கிறது மூண்டாம் மாடி, வெளியாலை செங்குத்தான இரும்புப் படி. அண்டைக்கு மைனஸ் இருபத்திரண்டு. ஒரு மணிபோலை, மேலை இருக்கிற எட்டுப் படிக்கும் தண்ணி ஊத்தினன். உறைஞ்ச பிறகு மினுங்காமல் இருக்க மெல்லிசாப் பனி தூவினன்.

தவறுதலா நடந்தது எண்டு எழுதவேண்டாம். கொலைதான். லத்தீன்ரை மானத்துக்காகச் செய்தனான்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தன். கீழை கிடந்தாள், உயிர் இருந்தது. ரெலிபோன் என்ரை பொக்கற்றிலைதான், அம்புலன்சுக்கு அடிக்கேல்லை. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மாஸ்டர், இறங்காதேங்கோ, சறுக்குது" எண்டாள்.

பாத்தீரே, சாகிற நேரத்திலையும் எனக்குப் படிப்பிக்கிறாள்.