முப்பது மணி நேர பேட்டரி

சோலார் என்றதும் எல்லோரும் மொட்டைமாடிப் பலகையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள், சார். விலை இருப்பது பேட்டரியில்.

சிட்லபாக்கம் தட்சிணாமூர்த்தியிடமும் அதைத்தான் சொன்னேன். ஏரி நிரம்பினால் அந்தத் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இருக்காது. அவர் மனைவி அபிதகுஜாம்பாளுக்கோ ஆக்சிஜன் மெஷின் நிற்கவே கூடாது. சோலார், மாடியில் சின்னக் காற்றாடி, மூன்று நாள் வெயில் வராவிட்டாலும் தாங்கும் பேட்டரி. பன்னிரண்டு லட்சம்.

"பன்னெண்டா? எந்த ஊரும்மா நீ?"

"பெரும்பாக்கம், சார்."

"ஹவுசிங் போர்டு வூடா? அதான பாத்தேன். கோட்டால படிச்சா கணக்கு இப்டித்தான் வரும். கொறச்சுப் போட்டுகினு வா."

மூக்கில் குழாயோடு அந்தம்மா, "பாவம், பொண்ணுக்குக் காபி குடுங்க" என்றார். நல்ல மாதிரி. காபி பேப்பர் கப்பில் வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. என் கணக்கில் யாரும் பிழை பிடித்ததில்லை. கேட்டார், குறைத்தேன். பேட்டரியில் ஓடும் சாமான்களின் பட்டியலில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தன. மெஷினை மட்டும் எடுத்துவிட்டேன். ஏழு லட்சம். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"இப்ப வந்திச்சு பாரு கணக்கு. அப்ப அந்த வாடகை ஆக்சிஜன் சிலிண்டரத் திருப்பிக் குடுத்துடலாமா?"

"குடுத்துடுங்க, சார்" என்றேன்.

மெஷினும் சேர்ந்து ஓடினால் அந்த பேட்டரி முப்பது மணி நேரம்தான் தாங்கும். டைரியில் குறித்து வைத்தேன்.

புயலன்று, செவ்வாய் காலை ஒன்பதுக்குத் தெரு முழுக்க கரண்ட்டை நிறுத்தினார்கள். வெயில் இல்லை. புயலில் காற்றாடியைக் கட்டிப்போட்டாக வேண்டும். அவர்கள் வீட்டு பேட்டரி இறங்குவதை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் மதியம் பதினான்கு முறை கூப்பிட்டார். "ஹெப்சி, போன எடும்மா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அன்றுதான் என் பெயர் அவர் வாயில் வந்தது. ஊரப்பாக்கம் குடோனில் எங்கள் கம்பெனி ஜெனரேட்டர் சும்மாதான் நின்றது. சாவி என் பையில் இருந்தது.

அந்தம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணக்குப்படி மெஷின் மூன்று மணிக்கு நின்றிருக்க வேண்டும். இரண்டே முக்காலுக்கு நின்றது. கால் மணி நேரம்தான் பிசகு. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.