ஐந்தரை மணி நேரம் பின்னால்

அந்தி மஃரிபு தொழுகை முடிந்த நேரம். திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற ரோடு. அதை விட்டு உள்ளே திரும்பினால் சோளக்காடு... காட்டைத் தாண்டி ஒரே ஒரு வீடு. முத்துச்சாமி, சிரிப்பதாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடு. நம்ம ஃபயாஸின் மச்சான் ஆசாத்துக்கு நடந்தது இது. பேகம்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

அந்த வீட்டில் ஜெய்தூன் பீவி தனியாக இருந்தார். ஒரே மகன் அயாஸ் போன வருஷம் பைபாஸில் லாரி மோதி மவுத்தாகிவிட்டான். மகள் ஷாஹினா சார்ஜாவில். அவள்தான் ஆசாத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தம்பியோட கம்ப்யூட்டர்ல டைம் தப்பாவே ஓடுது. அதுல தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்ற சாப்ட்வேர் இருக்கு. விடியக்காலம் சொல்ல வேண்டிய சுபுஹு பாங்கை பத்தே முக்காலுக்குச் சொல்லுதாம். அம்மா தனியா இருக்காக, குழம்பிப் போயிருவாக. செத்த பாத்துக் குடுங்கண்ணே."

ஆசாத் போனார். உள்ளறையில் பூட்டி வைத்த துணியின் வாசம். கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற சின்ன பேட்டரியை மாற்றினார், நேரத்தைச் சரிசெய்தார். "அம்புட்டுதாம்மா, இனிமே ஒழுங்கா ஓடும்" என்றார். ஜெய்தூன் பீவி நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார்.

மறுநாள் காலை மறுபடி ஷாஹினாவின் போன். மறுபடியும் தப்பு... கச்சிதமாக ஐந்தரை மணி நேரம் பின்னால்.

சாயங்காலம் திரும்பப் போனார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். விர்ரென்று ஃபேன் சத்தம். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன, முதல் நாள் அவசரத்தில் அவர் கவனிக்காதவை. மேலே விண்டோஸ், கீழே அயாஸ் ஏற்றி வைத்த லினக்ஸ். ஒரே கம்ப்யூட்டரை ஓட்ட இரண்டு சிஸ்டம், எது வேண்டுமோ அதைத் திறக்கலாம். அட, இதுதானா சங்கதி! விண்டோஸ் நம்ம ஊர் நேரத்தை உள்ளே குறித்து வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் குறித்து வைக்கும். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். கீழே இருப்பதைத் திறந்து மூடிவிட்டு மேலே இருப்பதைத் திறந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதிதான்.

"கீழ இருக்கறத யாரும்மா தொறக்குறது?"

"இங்க யாருப்பா இருக்கா? எனக்கு மவுசைப் பிடிச்சு அமுக்க மட்டும்தான் தெரியும். அதோட பாஸ்வேர்டு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

ஆசாத் குனிந்து கீபோர்டைப் பார்த்தார். விரலால் எழுதலாம், அவ்வளவு தூசி. கீழ் அம்புக்குறியில் தூசி இல்லை. எண்டரில் இல்லை. நடுவில் ஏழெட்டு எழுத்துகள்... அவற்றிலும் இல்லை.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானாக இருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்பேன். அவர் வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். விண்டோஸையும் உலக நேரத்தையே படிக்கும்படி மாற்றிவைத்தார். இனி எதைத் திறந்தாலும் கடிகாரம் சரியாகவே இருக்கும்.

அடுத்த வாரம் ஜெய்தூன் பீவியே போனில் பேசினார்.

"டைம் சரியா இருக்குப்பா." பிறகு விசும்பல். "காலைல போட்டுப் பாப்பேன். டைம் பின்னால போயிருந்துச்சுன்னா, ராத்திரி புள்ள வந்துட்டுப் போயிருக்கான்னு தெரிஞ்சுக்கிருவேன். இப்ப எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அட அல்லாவே! மகள் சொன்னதை ஆசாத் கேட்டார், அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அப்போதே வண்டியை எடுத்துப் போய், செய்ததையெல்லாம் பழையபடி மாற்றிவிட்டு வந்தார். அவர் கிளம்பும்போது அந்தம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லாத வீடு, பாவம்.

மறுநாள் காலை போன் வந்தது. "சரியாத்தான் காட்டுதுப்பா." அதற்கு மறுநாளும் அதே. தினமும் கடை திறக்கிற நேரத்துக்குப் போன். "இன்னைக்கும் சரியாத்தாம்ப்பா இருக்கு... கோவிச்சுக்கிட்டானோ?" தப்பான நேரத்துக்காக ஒரு தாய் ஏங்கிக் கிடந்தாள்.

இப்படியே ஒரு மாதம். ஒருநாள் காலை ஆசாத் கடை ஷட்டரைத் தூக்கினார், சுள்ளென்று வெயில். சொந்த லேப்டாப்பைத் திறந்தார். அதில் விண்டோஸ் ஒன்றுதான்... வேறு எதுவும் ஏற்றியதே இல்லை. மூலையில் நேரத்தைப் பார்த்தார். விடிகாலை நான்கு. சுவரில் பார்த்தார். ஒன்பதரை.

போன் அடித்தது.

"இன்னைக்கும் வரலப்பா" என்றார் ஜெய்தூன் பீவி. "ஏம்ப்பா... வேற யாரு வீட்டுக்காச்சும் போக ஆரம்பிச்சுட்டானா?"