கொடுத்ததற்குக் கட்டம் இல்லை

— அப்போ என் பொண்ணு திருடின்னு ஒரு கணக்கு ஷீட்டு சொல்லும், நான் அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்?

— ஷீட்டு சொல்லலப்பா. அண்ணன் சொல்றான். ஷீட்டைப் பாத்துட்டு ஆக்லாந்துல உக்காந்து சொல்றான்.

— எலியா என்ன சொன்னான்? அவன் வாயில வந்ததை அப்படியே சொல்லு, செஃபினா. மழுப்பாதே.

— "கடை செஃபினா கையில இருக்கிற வரைக்கும் இப்படித்தான் நாற்பது பெட்டி டின் மீன் காணாமப் போகும். நாளைக்கு சர்ச் முடிஞ்சு எல்லாரும் போன்ல கூடும்போது அவ சாவியைக் கொடுத்துரட்டும்." போதுமா?

— அவனுக்குக் கொம்பு முளைச்சிருச்சு.

— எனக்குத் தூக்கம் போயிருச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, வெளிச்சம் மறைக்குது.

— என்ன பண்றே?

— மறுபடியும் கூட்டிப் பாக்கிறேன். கூட்டிக் கூட்டி விரல்தான் தேயுது. நாற்பதுல ஒண்ணுகூடக் கிடைக்கல.

— விடு. அந்த ஷீட்டு பிறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கடை இருக்கு. தீவுக்குக் கப்பல் வந்து நின்னா படகுத்துறை பூரா நம்ம வாசல்ல வந்து நிக்கும். எவனாவது அன்னைக்கு ஷீட்டு பாத்தானா?

— அன்னைக்கு அண்ணனும் மாமாவும் அத்தையும் இங்கயே இருந்தாங்க. சரக்கு எங்கே போச்சுன்னு கண்ணால பாத்தாங்க. இப்போ பாதிப்பேர் ஆக்லாந்து, மீதிப்பேர் சிட்னி. கடைக்குப் பங்குப் பணம் போட்டவங்க கேக்கத்தானே செய்வாங்க?

— கேக்கட்டும். மரியாதையாக் கேக்கட்டும்.

— அண்ணன் போட்டுக் கொடுத்ததைப் பாருங்க. வந்தது, வித்தது, இருப்பு, காணோம். நாலே நாலு கட்டம். நம்ம கடையில நடக்கிறதுல பாதிக்கு இதுல இடமே இல்ல.

— எதுக்கு இடமில்ல?

— உங்களுக்குத் தெரியாதா? போன மாசம் இருப்பு மைனஸ்ல போச்சு. இல்லாத மீனை வித்திருக்கோம்!

— அது எப்படி முடியும்?

— உங்களாலதான். போதகரோட அம்மா செத்த காரியத்துக்கு முறைப்படி நாம மீன் பெட்டி கொடுத்தோமா? அவங்க அதை வேற வீட்டுக் காரியத்துக்குக் கொடுத்தாங்க. அந்த வீட்டுக்காரங்க நம்ம சித்தப்பா காரியத்துக்குக் கொண்டாந்து இறக்கினாங்க. நீங்க நசுங்கின மூலையைத் தட்டிவிட்டு அலமாரியில அடுக்கி வித்தீங்க. ஷீட்டுக்கு அது நம்ம பெட்டியேதான்னு தெரியுமா? "இல்லாததை எப்படி வித்தே"ன்னு அண்ணன் என்னைக் கேட்டான்.

— நீ என்ன சொன்னே?

— சிரிச்சேன். அதுவும் தப்பாப் போச்சு.

— சித்தப்பா காரியத்துல வந்த பெட்டி நல்ல பெட்டிம்மா. ஒரு டின்னுகூட உப்பலை.

— அப்பா! நான் அதையா பேசுறேன்? "கொடுத்தது"ன்னு இன்னொரு கட்டம் போட விடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்?

— கூடாது.

— ஏன் கூடாது?

— இந்தக் குடும்பத்துத் தலைவன் பட்டம் என் தலையில இருக்கு. செத்த வீட்டுக்கு நான் தூக்கிட்டுப் போறதைக் கட்டம் கட்டி எழுதினா அது கடனா ஆயிடும். நாளைக்கே சிட்னியில ஒருத்தி எண்ணிப் பாத்து, "அவங்க நமக்குக் குறைச்சுத்தான் செஞ்சாங்க"ம்பா. கொடுத்தவன் கணக்கு வெக்கிறதில்ல.

— சரிப்பா. நீங்க வெக்க வேண்டாம். ஆனா கணக்குல நான் நிக்கிறேன். "காணோம்"னு இருக்கிற சரக்கை வாங்கினதா என் கையெழுத்து இருக்கு.

— இரு, உனக்கு அவிச்ச சீமைப்பலா எடுத்துட்டு வரேன்.

— அந்த நாற்பது எங்கே போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

— சீமைப்பலா ஆறிப் போகுது. சாப்பிடு.

— பசிக்கலப்பா. நான் தையல் கிளாஸை விட்டுட்டு இந்தக் கடைக்கு வந்தவ. நாளைக்கு இந்தத் தீவுல நான் எந்தக் கடை வாசல்ல நின்னு வேலை கேக்க? "சொந்த அப்பன் கடையிலயே கை வெச்சவ"ன்னு பஸ்ஸுல பேசுவாங்க. பஸ்ஸுல, அப்பா.

— எவன் பேசுவான்?

— எல்லாரும். உங்க காதுல விழாது, அவ்வளவுதான்.

— மலியாவோட அம்மா காரியம்.

— என்னது?

— நாற்பதும் அங்கேதான் போச்சு. எலியாவோட மாமியார் காரியத்துக்கு.

— அதுக்கு அண்ணன்ல அனுப்பினான்? யார் என்ன கொண்டாந்தாங்கன்னு அறிவிக்கிற பேச்சாளர் கோலை ஊனி நின்னு, "மருமகன் எலியா, நாற்பது பெட்டி"ன்னு கூவினாரே! நானும்தானே நின்னு கேட்டேன்.

— அவன் ஒண்ணும் அனுப்பல. லீவு இல்லைன்னான், கையில காசில்லைன்னான். பொண்ணு எடுத்த வீட்டுல பொணம் கிடக்கு, மருமகன் பேர்ல ஒண்ணும் இல்லைன்னா அந்த ஊர்ல நம்ம வீட்டுப் பேரு என்ன ஆகும்? விடியறதுக்குள்ள நானே லாரியில ஏத்தினேன். அவன் பேரைச் சொல்லச் சொன்னேன்.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— மலியா போன்ல அழுதாளாம், "உங்க பேரை எவ்வளவு கம்பீரமாக் கூப்பிட்டாங்க"ன்னு. அவன் யார் கொடுத்ததுன்னு கேக்கல. நானும் சொல்லல.

— நாற்பது பெட்டி. தன் பேர்ல கூவினதே நாற்பது. அது அவனுக்கு உறைக்கலையா?

— உறைக்கலைன்னுதான் நினைக்கிறேன். பையன் படிச்சவன், ஆனா மந்தம்.

— அப்போ நாளைக்கு நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.

— எப்படிச் சொல்றது? மலியாவும் போன்ல இருப்பா. அவ முன்னாடி அவன் தலை குனியணுமா?

— அப்போ நான் குனியறேன். எனக்குப் பழக்கம்தான்.

— அப்படிப் பேசாதே.

— வேற எப்படிப் பேச? சொல்லுங்க. அசதியா இருக்குப்பா.

— இந்த ஷீட்டை யார் யார் பாப்பாங்க?

— நம்ம குடும்பத்துல எல்லாரும். எங்கே இருந்து போன்ல திறந்தாலும் இதே ஷீட்டுதான். யார் வேணா பாக்கலாம், யார் வேணா எழுதலாம்.

— மலியாவும்?

— அண்ணியும்தான்.

— பாத்தாப் பாக்கட்டும். எழுது.

— நிஜமாவா?

— எழுதுன்னேன். "காணோம்"ங்கிறதை எடு. "எலியா மாமியார் காரியத்துக்கு, எலியா பேர்ல, அப்பா கொடுத்தது." பேரோட எழுது. என் பொண்ணு சாவியைக் கொடுக்க மாட்டா.

— எழுதிட்டேன். இதோ பாருங்க, அப்பா.

— குடு, நானும் பாக்கிறேன். அது என்ன, பச்சையா ஒரு கட்டம் தானா நகருது?

— அண்ணன். அங்கே அவனும் இப்போ திறந்து வெச்சிருக்கான்.

— படிக்கிறானா?

— அந்த வரி மேலயே நிக்கிறான். நகரல.

— அவனுக்குச் சின்னதுலேருந்தே இளகின மனசு. கோழிக்குஞ்சு செத்தாக்கூட அழுவான். இப்போ அழுதுக்கிட்டிருப்பான், பாரு. போன் அடிப்பான். நீ எடுத்துப் பேசு, கோவமாப் பேசாதே. தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கறது ஆம்பிளைக்குக் கஷ்டம். அதோ, வரி மாறுது. என்ன எழுதுறான்?

— அழிச்சுட்டான்ப்பா. மறுபடியும் "காணோம்"னு போட்டு, பக்கத்துல என் பேரை எழுதியிருக்கான்.