மூக்கன் பட்டினி கிடந்த ஒன்பதாம் நாள்

"ஹலோ... யாரு... ம், சொல்லுங்க மாப்பிள்ளை, நான்தான்... இல்ல, அவ வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம்தான் வருவா... ஆமா ஆமா, நல்லா இருக்கா. சாப்பிடறா, தூங்கறா, என்னோட சண்டை போடறா... எது, தொட்டி மீனா. அதுக்கென்ன. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

சொன்னதும் வெல்டருக்குக் காது மடல் சூடேறியது. நாற்பது வருடம் பட்டறையில் தீப்பொறிக்கு நடுவே நின்றவர், மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் வியர்த்துப்போய் நின்றார். தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு பாறை. பாறைக்குப் பின்னால் ஆரஞ்சுப் பட்டை போட்ட நீள மூக்குக்காரன் ஒருவன். மருமகன் உயிரை வைத்து வளர்க்கிற மீன். ஒன்பது நாளாக அது வாயில் ஒன்றையும் போடவில்லை.

"சாப்பிடுதுன்னுதான சொன்னேன். எத்தனை தடவை கேப்பீங்க... எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்றேன். கோமாளி மீனுங்க ரெண்டும் திங்குது, நீலன் திங்குது... மூக்கனா..."

பாறைக்குப் பின்னால் வால் மட்டும் லேசாக ஆடியது.

"மூக்கன் கொஞ்சம் கம்மி... கம்மின்னா கம்மிதான்... இல்ல... சரி, சாப்பிடல. போதுமா... என்னிக்குலேருந்தா. நீங்க கப்பல் ஏறின மறுநாள்லேருந்து."

போனுக்குள் இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஹலோ... இருக்கீங்களா... ஏன் சொல்லலைன்னா, சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா. கல்யாணம் ஆன புதுசுல, வீட்டுக்குள்ள எதுக்கு சமுத்திரம், ஒரு நாள் நானே தூக்கிக் கொட்டறேன்னு சொன்னவன் நான். உங்க சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். இப்ப இது செத்தா எவன் நம்புவான். கிழவன் வேணும்னே பட்டினி போட்டுக் கொன்னுட்டான்னுதான பேசுவீங்க... நீங்க பேச மாட்டீங்க, மனசுல நெனைப்பீங்க. எம் பொண்ணு அதுகூட செய்ய மாட்டா. என் மூஞ்சியில முழிக்க மாட்டா, அவ்வளவுதான்."

 மீன் தீனி டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"என்ன போட்டேனா. டப்பாவுல இருக்கற குருணையப் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல. ஐஸ்ல வெச்ச இறால் போட்டேன். கிட்ட வந்தான், வாயில வெச்சான், துப்பிட்டுப் போயிட்டான்... சிப்பியா. அதுவும்தான். கடைக்காரன் கையில விடாம நானே பொறுக்கி எடுத்தேன். உடைச்சு, ஓட்டை வீசிட்டு, சதைய மட்டும் மூணு தண்ணி விட்டுக் கழுவி... என்னது, ஓட்டோடயா. ஒரே மண்ணா இருக்குமே... ஓஹோ... அந்த மூக்கை உள்ள விட்டுக் குத்திக் குத்தி எடுக்கணுமா. உரிச்சுக் குடுத்தா துரைக்கு இறங்காதாமா... சரி சரி, கிண்டல் பண்ணல. சொல்லுங்க... கேமராவா."

தொட்டியைப் பார்க்க மருமகன் கேமரா வைத்திருந்த அலமாரியின் மேல் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கறுப்பா இருக்கா. இருக்கும்... கரண்ட்டெல்லாம் இருக்கு... சட்டை மாட்டியிருக்கேன் மாப்பிள்ளை. என் சட்டை. வந்த அன்னிக்கே மாட்டிட்டேன்... ஏன்னு என்ன கேள்வி. ஒரு மனுஷன் உக்கார்றது, எழுந்திருக்கறது, கொட்டாவி விடறது, எல்லாத்தையும் நீங்க அங்கேருந்து பார்த்துக்கிட்டு இருப்பீங்க, நான் கம்முனு இருக்கணுமா... மீனைப் பார்க்கத்தானா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க... எடுக்கறேன், எடுக்கறேன். எடுத்தாச்சு. தெரியுதா... என் மூஞ்சிய விடுங்க, அவனைப் பாருங்க."

அலமாரிப் பக்கமிருந்து பார்த்தால் பாறையின் பின்புறம் நன்றாகத் தெரியும். மருமகன் பார்க்கட்டும் என்று வெல்டர் ஒதுங்கி நின்றார்.

"என்ன தெரியுது... தலைக்குப் பின்னால குழி விழுந்திருக்கா. ஆமா, முந்தாநாள் நானும் பார்த்தேன்... எத்தனை நாள் தாங்கும். மென்னு முழுங்காம சொல்லுங்க... ரெண்டு நாளா."

அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை.

"சொல்லுங்க, என்ன செய்யணும்... ரெண்டு சிப்பி மிச்சம் இருக்கு... கத்தி இருக்கு. இருங்க, போனைத் தோள்ல இடுக்கிக்கறேன்... ம், திறந்தாச்சு. கழுவல, சத்தியமா கழுவல... மோட்டாரை நிறுத்திட்டேன், தண்ணி அசையாம நிக்குது... குருணைய அந்தக் கோடியில போடணுமா. போட்டாச்சு. கோமாளிங்க அடிச்சுக்குதுங்க, நீலனும் அங்க போயிட்டான்... சிப்பி ரெண்டையும் பாறை இடுக்குல செருகிட்டேன். கையெல்லாம் உப்பு. இப்ப என்ன... யாரு, நானா. நான் எங்க போகணும்."

நெற்றி சுருங்கியது.

"நான் இங்க நிக்கறதுக்கும் அது திங்காததுக்கும் என்ன சம்பந்தம்... ஆமா, பக்கத்துலதான் நிப்பேன், மூக்கு கண்ணாடியில ஒட்டற மாதிரி. காலையில ஒரு மணி நேரம், மத்தியானம் ஒரு மணி நேரம். பார்க்காம எப்படித் தெரியறது, தின்னுதா திங்கலியான்னு... கரண்டியால கண்ணாடியத் தட்டி, இங்க இருக்குடா சோறுன்னு காட்டுவேன், வேற ஒண்ணும் பண்ணல... என்னைக் கண்டா பயமா அதுக்கு."

தொட்டிக் கண்ணாடியில் அவர் முகம் விழுந்திருந்தது. நரைத்த புருவம், வெல்டிங் நெருப்பில் சிவந்துபோன இரண்டு கண்கள். பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கண்கள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

"சரி, போறேன். சமையல்கட்டுக்குப் போறேன், கதவையும் சாத்திக்கறேன். ஆனா அது சாப்பிட்டுதா இல்லையான்னு... நீங்க பார்த்துச் சொல்லுவீங்களா. ம். நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது... கோவிச்சுக்காதீங்க. கிழவன் பாவம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லி வெச்சா, நான் என்னத்தைக் கண்டேன்... சரி, சரி. போயிட்டேன். கதவு சாத்தற சத்தம் கேட்டுதா."

மோட்டார் நின்ற வீடு வெறிச்சென்று இருந்தது. குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பண்ணுது... வெளிய வரலியா... இப்ப... மூக்கு மட்டும் தெரியுதா, சரி... சிப்பிகிட்ட போயிடுச்சா. தொட்டுதா... தொடல... திரும்பி உள்ள போயிடுச்சா."

வெல்டர் சுவரில் சாய்ந்தார். ஏய்க்கிறவனாக இருந்தால் இந்நேரம் சாப்பிட்டுவிட்டது என்று சொல்லி, போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். இவன் இல்லை என்கிறான். இத்தனை வருடத்தில் மருமகன் சொன்ன ஒரு வார்த்தை அவருக்கு உள்ளே இறங்கியது இதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, இருக்கீங்களா... யாரு கூப்பிடறாங்க உங்களை, மேலதிகாரியா. இன்னும் ரெண்டு நிமிஷம் கேளுங்க. மாமனார் சாகக் கிடக்கறான்னு சொல்லுங்க, விடுவாங்க... என்ன, மறுபடியும் வருதா... ம்... ம்... குத்துச்சா. பாருங்க, துப்பும், அவன் துப்பறதுல கெட்டிக்காரன்... துப்பலியா. நல்லாப் பாருங்க... முழுங்கிடுச்சா. எப்படிச் சொல்றீங்க... ரெண்டாவது தடவையும் குத்துதா. எண்ணுங்க, எண்ணிச் சொல்லுங்க... மூணு... நாலு... அஞ்சா. நெஜமா அஞ்சா... மாப்பிள்ளை, நான் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேன்... கூடாதா. எவ்வளவு நேரத்துக்கு... கால் மணியா... ஹலோ... ஹலோ..."

தொடர்பு அறுந்துவிட்டது.

வெல்டரின் கை கதவுப் பிடியில் இருந்தது. ஒரு விரல் அகலம் திறந்தால் போதும், பாறை இடுக்கு தெரிந்துவிடும். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எதிர்முனையில் ஆள் இல்லை என்று தெரிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சரி மாப்பிள்ளை. நீங்க அஞ்சுன்னா அஞ்சுதான்."