பொன்னாடையோடு எட்டு அடி

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மாற்றுத்திறன் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அந்தப் புள்ளய நடக்க வெச்சதுதானுங்க அக்கா நாம செஞ்ச தப்பு” என்றாள் இளையவள்.

“பெருமைக்குத்தான செஞ்சோம், அம்மணி. மூணு வருசப் பயிற்சி. வீல்சேர் இல்லாம எட்டு அடி நடந்து வந்து, நமக்குப் பணம் குடுக்கற முதலாளிக்கு அவளே பொன்னாடை போர்த்துனா.”

“அவரும் கை தட்டுனாருங்க.”

“தட்டிப்போட்டு, ‘இங்க எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க, இந்த வருசம் இன்னும் கஷ்டப்படற எடத்துக்குக் குடுக்கறேன்’னு போயிட்டாரு. பயிற்சி குடுக்கற டீச்சரையும் நிறுத்தியாச்சு.”

துடியலூரில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

“வெள்ளிக்கெழம வேற கம்பெனிக்காரங்க பாக்க வாராங்களாமுங்களே?”

“ஆமா. அன்னைக்கு அவள வீல்சேர்லயே உக்கார வெக்கணும்னு நம்ம ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. காலைலதான் அவகிட்டச் சொன்னேன்.”

“என்னங்க சொன்னா?”

“சரிங்கக்கான்னா. அப்பறம், ‘அவங்க பணம் குடுத்த பொறகு நடக்கலாமுங்களா?’ன்னு கேட்டா.”